புதுக்குடித்தனச் சாமான்கள்: மரக்காணம் உப்பளக் கரையின் வீட்டு வரலாறு

புதுக்குடித்தனம் என்பது திருமணமான இணையர் பெற்றோர் வீட்டிலிருந்து பிரிந்து தனி அடுப்பு மூட்டி வாழத் தொடங்குவதைக் குறிக்கும் சொல். தனிக்குடித்தனம், தனிக்கட்டு, குடித்தனம் வைத்தல் என்றும் வழங்கும். அப்போது வீட்டுக்குள் கொண்டு வரப்படும் பொருள்களைப் பண்டபாத்திரம், தட்டுமுட்டுச் சாமான், சட்டிபானை என்று மக்கள் சொல்வர். முதல் வீட்டுக்கு எவை இன்றியமையாதவை என்ற கேள்விக்கு எல்லா ஊர்களிலும் ஒரே விடை இருந்ததில்லை. நிலம், நீர், தொழில், கையிருப்பு ஆகியவை அந்தப் பட்டியலை மாற்றுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் அந்தப் பட்டியல் எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கழுவேலி என்னும் உவர்நீர் ஏரி, இரண்டுக்கும் நடுவே பரந்த உப்பளங்கள். காகிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இவ்வட்டாரத்தில்தான். தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடங்களில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது.

உமணர் வண்டி

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய பட்டினமாகிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊரிலுள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அளம் என்பது உப்பு விளையும் வயலுக்கான பழஞ்சொல். உப்பளம் என்று நாம் இன்று சொல்வதில் அது அப்படியே நிற்கிறது.

உப்பைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டு போய் விற்றவர்கள் உமணர். அவர்கள் குடும்பத்தோடு வண்டியிலேயே நகர்ந்தவர்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி நுணுக்கமாக வருணிக்கப்படுகிறது. வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் தொங்குகிறது. காடி வைத்த மிடா கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். காடி என்பதை ஊறுகாய் என்று உரைகாரர் கொள்வர்.

மாணவர்கள் இந்தப் பகுதியை உவமை நயத்துக்காகவே படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை ஒரு வீட்டுச் சாமான் பட்டியலாகவும் படிக்கலாம். இடித்துக் கொள்ள உரல், கெடாத உணவுக்கு ஒரு மிடா, முட்டைக்கும் கறிக்கும் கோழி. உப்பைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, வண்டி நிறைய அதுதான் இருந்தது. வீடு மாறும்போது எதை விடக்கூடாது என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அதைத் தந்தவர்கள் உப்புத் தொழிலைச் சார்ந்தவர்கள் என்பது இந்தக் கரைக்குப் பொருத்தமாக இருக்கிறது.

முதலில் நுழையும் பொருள்

புதுவீட்டில் பால் காய்ச்சும் நாளில் முதலில் உள்ளே போகும் பொருள்களில் உப்பு கட்டாயம் இடம்பெறும். சாமி படம், காமாட்சி விளக்கு, நிறைகுடத் தண்ணீர், மஞ்சள், அரிசி, பருப்பு, கல்லுப்பு என்று வரிசை வீட்டுக்கு வீடு சற்று மாறலாம். உப்பு விடுபடுவதில்லை. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் புதுவீடு புகுவோருக்கு ரொட்டியும் உப்பும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சாப்பாட்டைக் கெடாமல் வைத்த பொருள் என்பதால் உலகின் பல பகுதிகளில் உப்புக்கு இந்த மதிப்பு வந்திருக்க வேண்டும்.

மரக்காணத்தில் இது வெறும் சடங்காக மட்டும் இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. விளைந்த உப்பு அரசுக்கு உரியது. வரி செலுத்தாத உப்பை வைத்திருப்பது குற்றம். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை மேலும் ஒழுங்குபடுத்தியது. அளத்தைச் சுற்றிக் காவல் இருந்தது. உப்பு மூட்டைகள் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போயின. பஞ்ச காலத்தில் விரிவாக்கப்பட்டு, 1878இல் மாகாண ஆளுநரான பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்ற கால்வாய் அது.

இதன் பொருளைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். பகல் முழுதும் பாத்தியில் நின்று உப்பு வாரிய ஒருவர், தம் மகளின் புதுவீட்டுக்கு ஒரு பிடி உப்பை அளத்திலிருந்து எடுத்துச் சென்றால் அவர் சட்டத்தின் கண்ணில் திருடர். அவர் அதைக் கடையில் வரி சேர்ந்த விலைக்கு வாங்க வேண்டும்.

1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி–இர்வின் உடன்பாட்டில் உப்பைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. உப்பு சேகரிக்கவோ காய்ச்சவோ கூடிய இடங்களையொட்டிய ஊர்மக்கள், வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்பனைக்கும் அதைச் செய்துகொள்ளலாம் என்று அது அனுமதித்தது. சட்டம் நீக்கப்படவில்லை, வரியும் போகவில்லை. அடுக்களைக்கு வேண்டிய உப்புக்கு மட்டும் வழி பிறந்தது. உப்பு வரி முழுவதும் நீங்கியது 1947இல். உப்பளக் கரை வீட்டின் முதல் சாமானுக்கு இவ்வளவு சட்ட வரலாறு உண்டு.

மண்ணும் ஓலையும்

உப்புக்கு அடுத்து வருவது அதை வைக்கும் கலன். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இருப்பதில்லை. அதோடு ஒட்டி வரும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் உப்பு கசிகிறது. இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் துருவும், பித்தளையில் வைத்தால் களிம்பேறும். ஆகவே மண் சாடி, மரவை, பின்னாளில் பீங்கான் சாடி ஆகியவையே உப்புக்கு ஏற்ற கலன்களாயின. மரவை என்பது மரத்தில் கடைந்த கலம். வசதியானவர் வீட்டில்தான் அது இருக்கும்.

சமையலுக்குச் சோற்றுப்பானை, குழம்புச் சட்டி, உலைமூடி, கொட்டாங்குச்சியில் காம்பு செருகிய அகப்பை. தண்ணீருக்கு மண்குடமும் மிடாவும். புடைக்க முறம், அரைக்க அம்மி, இடிக்க உரலும் உலக்கையும், அளக்கப் படி. பானை சட்டியைக் குயவரிடம் வாங்கினர், அவை உடையும், மீண்டும் வாங்க வேண்டும். கல் சாமான்கள் தலைமுறைக்கும் நிற்கும். அம்மியையும் உரலையும் தூக்கிக்கொண்டு வீடு மாறுவது எளிதன்று. அதனால் பெரும்பாலும் அவை வீட்டோடு இருந்துவிடும், வருகிறவர் பயன்படுத்திக்கொள்வர்.

படுக்கக் கோரைப்பாய் அல்லது பனையோலைப் பாய். துணி வைக்க ஓலைப் பெட்டி. சுவரில் ஆணி அடித்து மாட்டுவதற்கு மண்சுவரில் இடமில்லை, ஆகவே உறியும் கொடிக்கயிறும் தேவைப்பட்டன. கூரை பனையோலை அல்லது தென்னங்கீற்று. உப்பு அம்பாரத்தை மழையிலிருந்து மூடுவதும் அதே ஓலைதான்.

அடுப்பு தனியே குறிப்பிடத்தக்கது. அது கொண்டு வரும் பொருளன்று, அந்த வீட்டில் போடப்படுவது. களிமண்ணைப் பிசைந்து, பக்கத்தில் கொடியடுப்பு ஒன்றும் சேர்த்துப் பெண்களே போடுவார்கள். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம் என்று பொருள். குடும்பம் பிரிந்ததை ஊர் அறிந்துகொள்வது புகையைப் பார்த்துத்தான்.

பித்தளை: பாத்திரமும் கையிருப்பும்

இந்தக் கரையின் வீட்டுச் சாமான் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பித்தளைப் பாத்திரம். திருமணச் சீர்வரிசையில் குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு முதலியன தாய்வீட்டிலிருந்து வரும். ஏழை வீட்டில் ஒரு குடமும் ஒரு சொம்புமாவது வரும். சமைக்கும் பித்தளைக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும், இல்லையேல் புளிபட்டுக் களிம்பேறும். தெருவில் துருத்தியோடு வந்து உட்கார்ந்து ஈயம் பூசுகிறவரை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றாடச் சமையல் மண்சட்டியிலேயே நடந்தது. அப்படியானால் பித்தளை எதற்கு? பெருமைக்கு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உப்பளத் தொழிலின் நாள்காட்டியைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரியும்.

உப்பு வெயிலில் விளைவது. சனவரியில் பாத்திகளைச் சேறு போக்கி, மிதித்து, வரப்பு கட்டிச் சீராக்குவர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்ட விடுவர். நீரின் செறிவு உரிய அளவை எட்டியதும் உப்பு படிகமாக இறங்கும். நீண்ட காம்புள்ள மரப்பலகையால் அதை இழுத்து வரப்பில் சேர்ப்பர். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பர். கோடை முழுதும் வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. தீபாவளி வருவதும் அந்த மாதங்களில்தான்.

அந்த மூன்று மாதத்தைக் கடப்பதற்கு அடகுக்கடை ஒரு வழி. அண்டாவோ குடமோ அங்கே போகும். கோடையில் கூலி கிடைத்ததும் மீட்கப்படும். அடுத்த மழைக்கு மீண்டும் போகும். சென்னை மாகாணத்தில் அடகுபிடிப்போர் சட்டம் 1943இல் வந்தது. அடகுபிடிப்பவர் உரிமம் பெற வேண்டும், சீட்டு கொடுக்க வேண்டும், மீட்பதற்கு ஓராண்டும் அதற்கு மேல் ஏழு நாளும் தவணை தர வேண்டும் என்ற முறை அதனால் நிலைபெற்றது. ஓராண்டுத் தவணை என்பது உப்புப் பருவம் ஒரு சுற்று வருவதற்குப் போதுமானது. மழையில் வைத்ததை வெயிலில் மீட்க இடம் உண்டு. வெயில் சரியில்லாத ஆண்டில் பாத்திரம் மூழ்கிப் போகும். அடகில் போன பொருள் மீளாமல் போவதையும் மூழ்கிப் போவது என்றே சொல்கிறோம்.

இப்படிப் பார்த்தால் சீராக வந்த பித்தளை அண்டா ஒரு வைப்புத்தொகை. வங்கியில் கணக்கு இல்லாத பெண்ணின் பெயரில் தாய்வீடு போட்டு வைத்தது. எடைக்கு விலை போகும், உடையாது, உப்புக்காற்றில் கருத்தாலும் புளி போட்டுத் துலக்கினால் மீண்டும் பளபளக்கும். முதல் வீட்டுக்கு இன்றியமையாத சாமான் எது என்று அன்றைய தாயிடம் கேட்டிருந்தால், எதில் சமைப்பது என்பதோடு எதை அடகு வைப்பது என்பதையும் சேர்த்தே அவர் எண்ணியிருப்பார்.

அலுமினியமும் எவர்சில்வரும்

1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பித்தளைக்கு மாற்றாக மலிவான, இலேசான ஓர் உலோகத்தை நம் கைவினைஞர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவர் நோக்கம். அலுமினியச் சட்டி மெல்ல மெல்ல மண்சட்டியின் இடத்தைப் பிடித்தது. நம் பக்கத்தில் பலர் அதை ஈயச்சட்டி என்றே சொல்கிறார்கள், ஈயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உப்புப்பட்டால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும். அடகுக்கடையிலும் அதற்கு மதிப்புக் குறைவு. ஆயினும் விழுந்தால் உடையாது என்ற ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது.

எவர்சில்வர் வந்த கதை வேறு. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகுதான் அது. நம் நாட்டில் அது சமையலறைக்குள் பரவலாக நுழைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உப்புக்காற்று வீசும் ஊரில் துரு ஏறாத, ஈயம் பூச வேண்டாத பாத்திரம் என்றால் அதன் ஈர்ப்பைச் சொல்ல வேண்டுமா? சீர்வரிசையில் பித்தளை விளக்கோடும் குடத்தோடும் நின்றுகொள்ள, மற்ற எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் வந்தது.

கடையிலேயே பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவார்கள். கொடுத்தவர் பெயர், நாள், ஆண்டு. இந்த எழுத்துகளை எந்த வரலாற்றாசிரியரும் இன்னும் தொகுக்கவில்லை என்று நினைக்கிறேன், தொகுக்கத் தகுந்தவை. ஒரு வீட்டுப் பரணில் இருக்கும் தட்டுகளையும் டம்ளர்களையும் வரிசையாக வைத்தால் அந்தக் குடும்பத்தின் திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் தேதியோடு கிடைக்கும். மாணவர்கள் தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். நோட்டுப் புத்தகமும் ஒரு விடுமுறை நாளும் போதும்.

குடம்

உப்பு விளையும் மண்ணில் நல்ல தண்ணீர் அரிது. நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிநீருக்குத் தொலைவில் உள்ள கிணற்றையோ குழாயையோ நாட வேண்டும். ஆகவே இக்கரையில் குடங்களின் எண்ணிக்கையே வீட்டின் வசதியைக் காட்டும். வயற்காட்டு ஊரில் இரண்டு குடம் போதும் என்றால் இங்கே ஐந்தாறு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் கொள்ளும் குடத்தை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதோடு பித்தளைக் குடத்தின் எடையும் இடுப்பில் ஏறும்.

இந்த எடையைக் குறைத்தது பிளாஸ்டிக் குடம். சிவப்பு, பச்சை, நீலம் என்று அவை குழாயடியில் வரிசையாக நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுமந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. உப்பளத்தில் பகல் முழுதும் தலையில் கூடை சுமந்த பெண்ணுக்கு, மாலையில் இடுப்பில் ஏறும் சுமை சில கிலோ குறைவது பெரிய விடுதலை. பிளாஸ்டிக்கின் கேடுகளை நான் மறுக்கவில்லை, பள்ளியில் அதைப் பற்றி எத்தனையோ கட்டுரைப் போட்டி நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் குடத்தை ஏன் வாங்கினார்கள் என்று கேட்காமல் எழுதும் கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் குடத்தை அடகு வைக்க முடியாது. பித்தளைக் குடம் பூசை மூலைக்கோ கடைக்கோ போன பிறகு, மழை மாதங்களுக்கான அந்தப் பழைய கையிருப்பும் வீட்டில் குறைந்தது.

ஒன்றுமில்லாமல் தொடங்குதல்

இதுவரை சொன்னவை குடும்பம் தானாகவே, நாள் பார்த்துத் தொடங்கும் புதுக்குடித்தனம். இக்கரையில் வேறொரு வகையும் உண்டு. இயற்கை அனைத்தையும் கொண்டுபோன பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. தமிழகக் கடற்கரை நெடுகிலும் வீடுகளோடு பாத்திரங்களும் போயின. அரசின் உதவியில் அரிசி, மண்ணெண்ணெய், வேட்டி, சேலை, போர்வை ஆகியவற்றோடு பாத்திரம் வாங்கப் பணமும் இருந்தது. தொண்டு நிறுவனங்கள் தனித்தனியே பாத்திரப் பெட்டிகளைக் கொடுத்தன.

உலக அளவில் நிவாரணப் பணிக்கு ஸ்பியர் என்ற கையேடு உண்டு. அதன் முதல் பதிப்பு 2000இலும் அடுத்தது 2004இலும் வந்தன. பேரிடரில் எல்லாம் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது என்ன வேண்டும் என்று அது எண்ணிச் சொல்கிறது. மூடியுள்ள இரண்டு சமையல் பாத்திரம், ஒரு கத்தி, இரண்டு பரிமாறும் கரண்டி, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி, குடிக்க ஒரு குவளை, தண்ணீர் கொண்டுவரவும் சேமிக்கவும் 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் கலன்கள். இதைப் படித்தபோது எனக்கு உமணர் வண்டி நினைவுக்கு வந்தது. இரண்டு பட்டியலும் அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். கையேட்டில் உரல் இல்லை, ஊறுகாய் மிடா இல்லை. குழம்புக்கு மிளகாய் அரைப்பது எதில் என்று ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. கோழியும் இல்லை.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பித்தளையையும் எவர்சில்வரையும் கழுவி எடுத்து வைக்கலாம். மெத்தை, மரப்பலகைத் தூளில் செய்த அலமாரி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றை அப்படிச் செய்ய முடிவதில்லை. சாமான் பெருகியிருக்கிறது, இழப்பும் அதோடு பெருகியிருக்கிறது.

அரசு கொடுத்த பட்டியல்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இன்றியமையாதவை எவை என்பதை 2006 முதல் தேர்தல் அறிக்கைகளும் தீர்மானிக்கத் தொடங்கின. 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2007இல் எரிவாயு இணைப்புடன் அடுப்பு. 2011 செப்டம்பர் 15இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் வழங்கும் திட்டம் தொடங்கியது. அரசுப் பணத்தில் இவற்றைக் கொடுக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5இல் தீர்ப்பு வந்தது.

நகரத்தில் இதைக் கேலி செய்தவர்கள் மிகுதி. கிரைண்டர் 1955 வாக்கில் கோயம்புத்தூரில் பிறந்த கருவி. அது நடுத்தர வீடுகளுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் உப்பளக் கூலி வீட்டில் அம்மிதான் இருந்தது. உப்பு வாரிக் கையிலும் காலிலும் வெடிப்போடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அம்மியில் மிளகாய் அரைப்பது எப்படி எரியும் என்பதை அரைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே மிக்சியை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் மின்பொருள்களின் ஆயுள் குறைவு. திருகாணி துருவும், மின்தொடர்பு பச்சை பிடிக்கும், விசிறிக் கம்பி உதிரும். பழுது பார்க்கக் காசு வேண்டும். பித்தளை அண்டா மழைக்காலத்தில் பணம் கொடுத்தது. மிக்சியோ பணம் கேட்கிறது. வேலையற்ற மாதங்களின் தொல்லை தீரவில்லை என்பதை அரசே உணர்ந்து, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022இல் தொடங்கியது.

வாடகை வீடு

இன்று இக்கரையின் இளைஞர்கள் அளத்துக்குப் போவது குறைந்து வருகிறது. சென்னை, ஒரகடம், மறைமலைநகர், புதுச்சேரி என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய முதல் வீடு பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகைக் குடியிருப்பு. இரண்டாம் மாடியில் அம்மிக்கு இடமில்லை, மண் அடுப்புக்கும் இடமில்லை. முன்பணம் கொடுத்தது போக மிஞ்சியதில்தான் சாமான் வாங்க வேண்டும்.

எரிவாயு முதல் சிக்கல். 14.2 கிலோ உருளைக்கு இணைப்புப் பெற முகவரிச் சான்று வேண்டும், புதிதாகக் குடிவந்தவரிடம் அது இருக்காது. அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கத்தக்க 5 கிலோ உருளை இவர்களுக்கு உதவுகிறது. அல்லது மின்தூண்டல் அடுப்பு. அதற்கு அடி தட்டையான, காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். சீரில் வந்த அலுமினியமும் பித்தளையும் அதன்மேல் சூடேறா, பழைய எவர்சில்வரிலும் பல சூடேறா. தாய்வீட்டுப் பாத்திரங்கள் பயன்படாமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் வந்திருக்கிறது. குடத்தின் இடத்தில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன். அம்மியின் இடத்தில் மிக்சி. பாய் மட்டும் பெரும்பாலும் பாயாகவே இருக்கிறது, பிளாஸ்டிக் கோரையில்.

தனிக் குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தால் தனியாகச் சமையல் நடக்கிறதா என்று இன்றும் பார்க்கிறார்கள். புகையைப் பார்த்துக் குடும்பத்தை எண்ணிய ஊர் வழக்கத்தை அலுவலகமும் ஏற்றுக்கொண்டது போலத் தோன்றுகிறது.

உப்பு விஷயம் வேறாகிவிட்டது. அயோடின் சேர்க்காத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கு விற்கக்கூடாது என்ற தடை 2006இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. முன்கழுத்துக் கழலை நோயைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆகவே மரக்காணத்துப் பாத்தியில் விளைந்த கல்லுப்பு அயோடின் ஏறாமல் கடையில் சமையலுக்கு விற்பனையாக முடியாது, உப்பு வாரும் குடும்பமும் பொட்டலத்தில்தான் வாங்குகிறது. பால் காய்ச்சும் நாளுக்கு மட்டும் ஊரிலிருந்து வரும் அம்மா, மஞ்சள் கிழங்கோடு அளத்துக் கல்லுப்பில் ஒரு பிடியைப் பாலிதீன் பையில் முடிந்து கொண்டு வருகிறார். பேருந்தில் கசிந்துவிடாமல் இருக்க அதன்மேல் இன்னொரு பை.